நெடுந்தூர பைக்கில் ஜி.பி.எஸ்., துணைக் கருவிகளுக்கு வயரிங்: படிப்படியாக

பல வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையைத் திறந்து பார்த்தால் நாலைந்து வளைய லக்குகள் (வயர் முனையில் அழுத்திய உலோக வளையங்கள்) ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒன்று ஜி.பி.எஸ்.ஸுக்கு, ஒன்று யு.எஸ்.பி. சார்ஜருக்கு, ஒன்று கூடுதல் விளக்குக்கு, இன்னொன்று எதற்கென்று மாட்டியவருக்கே மறந்திருக்கும். போல்ட் கடைசி இரண்டு புரியில்தான் பிடித்துக்கொண்டிருக்கும். அது அதிர்வில் தளர்ந்தால் ஜி.பி.எஸ். மட்டும் அணையாது, வண்டியே ஸ்டார்ட் ஆகாது.

இந்த நிலைக்குப் போகாமலிருக்க முதல் கருவியை மாட்டும்போதே ஒரு தனி வழி போட்டுவிடுங்கள். பேட்டரியிலிருந்து ஒரே ஒரு தடித்த வயர், அதில் ஒரு முதன்மை ஃபியூஸ், ஒரு ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்), அதற்குப் பின் ஒரு சின்ன ஃபியூஸ் பெட்டி. இன்று ஜி.பி.எஸ்., நாளை சூடேறும் கைப்பிடி, அடுத்த வருடம் விளக்கு என்று எது வந்தாலும் அந்தப் பெட்டியிலிருந்தே கிளம்பட்டும். வண்டியின் சொந்த வயரிங்கை எங்கேயும் வெட்டக் கூடாது. கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த இரண்டு விதிகளைச் சுற்றித்தான்.

1. தாள்கள்: ஸ்பேனரை எடுக்கும் முன்

நான்கு தாள்கள் கையில் இருக்க வேண்டும்.

உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் உள்ள வயரிங் படம் முதலாவது. வண்டியோடு வரும் பயனர் கையேட்டில் பெரும்பாலும் ஃபியூஸ் அட்டவணை மட்டுமே இருக்கும், அது போதாது. படத்தில் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் வயர்கள் எவை, துணைக் கருவிகளுக்கென்று தயாரிப்பாளரே விட்டிருக்கும் காலி கனெக்டர் உண்டா, என்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் வாட் அளவு என்ன.

இரண்டாவது, ஒவ்வொரு கருவியின் விவரத்தாள். அது எத்தனை வோல்ட்டில் ஓடும், எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்பது அதில் இருக்கும். மூன்றாவது, வாரண்டி நிபந்தனைகள். தொழிற்சாலை வயரிங்கை வெட்டி ஒட்டிய வண்டிக்கு மின்சாரக் கோளாறு வந்தால் வாரண்டியை மறுக்க அதுவே காரணமாகிவிடும். செருகிக் கழற்றும் கனெக்டர் வழியாகச் செய்த வேலையை அரை மணி நேரத்தில் கழற்றிவிட்டு வண்டியைச் சர்வீஸுக்கு விடலாம். நான்காவது, கூடுதல் விளக்கு மாட்டுவதாக இருந்தால், உங்கள் நாட்டில் அதற்கு என்ன விதி என்பது. நிறம், உயரம், எந்த விளக்கோடு சேர்ந்து எரியலாம் என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். விளக்கு வாங்கும் முன் பாருங்கள். காப்பீட்டு நிறுவனம் மாற்றங்களைத் தெரிவிக்கச் சொல்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

நிறத்தை நம்பி வயரை அடையாளம் காணாதீர்கள். கறுப்பு என்றால் நெகட்டிவ் என்ற பழக்கம் பைக்கில் செல்லாது. ஹோண்டாவில் எர்த் பச்சை. அங்கே கறுப்பு பெரும்பாலும் சாவி போட்டால் பாசிட்டிவ் வரும் வயர். யமஹாவில் எர்த் கறுப்பு, சுசுகியில் வெள்ளைக் கோடு போட்ட கறுப்பு, பி.எம்.டபிள்யூ.வில் பழுப்பு. வயரிங் படமும் மீட்டரும் (வோல்ட், ஆம்பியர், ஓம் அளக்கும் மல்டிமீட்டர்) ஒத்துப்போனால் மட்டும் கை வையுங்கள்.

2. எவ்வளவு மின்சாரம் மிச்சம்?

கருவிகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றின் வாட்டையும் 13.5-ஆல் வகுங்கள். என்ஜின் ஓடும்போது வண்டியில் இருப்பது ஏறத்தாழ அந்த வோல்ட்டேஜ்தான். ஒரு சாதாரண நெடுந்தூர ஏற்பாடு இப்படி வரும்:

ஜி.பி.எஸ். தொட்டில் (கருவி உட்காரும் பிடி): சுமார் 1 ஆம்பியர்.
இரண்டு துளை யு.எஸ்.பி. சார்ஜர், மொத்தம் 30 வாட்: மாற்றும்போது வீணாவதையும் சேர்த்தால் 33 வாட், அதாவது 2.5 ஆம்பியர்.
சூடேறும் கைப்பிடி, 45 வாட்: 3.5 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு.
எல்.இ.டி. விளக்கு இரண்டு, தலா 20 வாட்: 3 ஆம்பியர்.

மொத்தம் 10 ஆம்பியர், 135 வாட். உங்கள் ஆல்டர்னேட்டர் 350 வாட் என்று வைத்துக்கொள்வோம். முகப்பு விளக்கு, எரிபொருள் பம்ப், இக்னிஷன், கணினி, விசிறி என்று வண்டியே 200 வாட்டுக்கு மேல் தின்றால் கணக்கு விளிம்பில் நிற்கிறது. அந்த 350 வாட்டும் நிமிடத்துக்கு 5,000 சுழற்சி வாக்கில் கிடைப்பது. ஐட்லிங்கில் அதில் பாதிகூட வராமல் போகலாம். நெரிசலில் ஊர்ந்துகொண்டு எல்லாவற்றையும் எரிய விட்டால் பேட்டரிதான் குறையும். ஒற்றை சிலிண்டர் சிறிய வண்டிகளில் ஆல்டர்னேட்டரே 200 வாட்டை ஒட்டித்தான் இருக்கும். அங்கே கைப்பிடிச் சூடு, விளக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் நேர்மையான கணக்கு.

காற்று அமுக்கியில் இயங்கும் ஹார்ன் 15 முதல் 20 ஆம்பியர் வரை இழுக்கும். அதை இந்தப் பெட்டியில் சேர்க்காதீர்கள். பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ், தனி ரிலே, தடித்த வயர் கொடுங்கள்.

3. வாங்க வேண்டியவை

மேலே சொன்ன 10 ஆம்பியர் ஏற்பாட்டுக்கு:

- 12 வோல்ட், 30 ஆம்பியர், நான்கு கால் ரிலே ஒன்று. வயரோடு வரும் அடிப்பாகம் ஒன்று
- மூடியுள்ள, நீர் புகாத முதன்மை ஃபியூஸ் பிடிப்பான் ஒன்று, 15 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ்
- ஆறு வழி ஃபியூஸ் பெட்டி, நெகட்டிவ் பட்டையும் சேர்ந்தது
- 2.5 சதுர மி.மீ. வயர்: சிவப்பு 1 மீட்டர், கறுப்பு 1 மீட்டர்
- 1 சதுர மி.மீ. வயர்: 6 மீட்டர், 0.75 சதுர மி.மீ.: 6 மீட்டர், 0.5 சதுர மி.மீ.: 2 மீட்டர்
- இரண்டு கால் நீர் புகாத கனெக்டர் ஆறு ஜோடி
- பேட்டரி போல்ட் அளவுக்கு வளைய லக் நான்கு
- உள்ளே பசை பூசிய, சூட்டில் சுருங்கும் குழாய், மூன்று அளவுகளில்
- துணி நாடா ஒரு சுருள், நைலான் டை ஒரு பொட்டலம்

வயர் வாகனத்துக்கென்று செய்ததாக இருக்கட்டும். வீட்டு வயரிங்கில் வரும் ஒற்றைக் கம்பி வயர் அதிர்வில் முறிந்துவிடும்; அதன் உறையும் என்ஜின் சூட்டுக்கு ஆனதல்ல. பளபளக்கும் பி.வி.சி. இன்சுலேஷன் டேப்பும் வேண்டாம். ஒரு கோடை கழிந்ததும் பசை கசிந்து, டேப் அவிழ்ந்து, தொட்டால் கை ஒட்டும்.

செலவைக் குறைக்கக் கூடாத பொருள் கிரிம்ப் கருவி, அதாவது லக்கை வயரில் நசுக்கி இறுக்கும் கருவி. முழுதாக அழுத்தாமல் வாய் திறக்காத ராட்செட் வகை வேண்டும். அது விலையேறத்தான் செய்யும். ஆனால் சாதாரணக் குறடால் நசுக்கிய லக் எங்கோ மழையில் கழன்று தேடவைக்கும்போது அந்த விலை சிறிதாகத் தெரியும். வயரும் கனெக்டரும் சேர்ந்து ஆகும் தொகை, வாங்கப்போகும் கருவிகளின் விலையோடு பார்த்தால் சொற்பம். சிலர் ரிலே, பெட்டி, ஃபியூஸ் எல்லாம் ஒரே டப்பாவில் அடங்கிய தயார்ப் பெட்டி வாங்குவார்கள். விலை பல மடங்கு, வேலை பாதி. இடம் குறைந்த வண்டிக்கு அது நல்ல தேர்வு.

4. சாவியோடு உயிர் வரும் வயரைப் பிடிப்பது

ரிலேவை எழுப்ப ஒரு சமிக்ஞை வேண்டும். சாவி போட்டால் 12 வோல்ட், எடுத்தால் பூஜ்யம். ரிலேவின் சுருள் இழுப்பது 0.15 ஆம்பியர் வாக்கில்தான், அதனால் மெல்லிய 0.5 வயர் போதும்.

வண்டியில் துணைக் கனெக்டர் இருந்தால் வேலை முடிந்தது. கே.டி.எம். அட்வென்ச்சர் வண்டிகளில் முன்பக்கம் ஏ.சி.சி.1, ஏ.சி.சி.2 என்று இரண்டு முனைகள் வரும். ஒன்றில் எப்போதும் மின்சாரம், மற்றதில் சாவி போட்டால் மட்டும். எது எது என்பதை மீட்டர் வைத்தே முடிவு செய்யுங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால் நம்பர் பிளேட் விளக்கோ பின்விளக்கோ வழக்கமான இடம். அங்கே மூன்று சிக்கல்கள் இருக்கின்றன.

சாவியைப் பார்க்கிங் நிலையில் வைத்தால் பின்விளக்கு எரியும் வண்டிகள் உண்டு. ரிலேயும் இரவு முழுக்க விழித்திருக்கும், காலையில் பேட்டரி செத்திருக்கும். அடுத்தது, சில எல்.இ.டி. பின்விளக்குகளை மங்கலாக எரிய வைக்க மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாக அனுப்புவார்கள். மீட்டரில் 5 வோல்ட், 7 வோல்ட் என்று பாதி எண் காட்டும். ரிலே கடகடவென்று அடித்துக்கொள்ளும். மூன்றாவது, கேன் பஸ் (வண்டியின் கணினிகள் ஒன்றோடொன்று தகவல் பேசும் வயர் வலை) உள்ள வண்டிகள். விளக்கு இழுக்கும் மின்சாரத்தைக் கணினி அளந்துகொண்டே இருக்கும், 0.15 ஆம்பியர் கூடினாலும் டாஷில் விளக்குப் பழுது என்று காட்டக்கூடும். இப்படிப்பட்ட வண்டிக்கு ஹெக்ஸ் ஈசிகேன், டெனாலி கேன்ஸ்மார்ட் போன்ற, கேன் தகவலை நேரடியாகப் படிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் இருக்கின்றன. உங்கள் மாடலுக்கு உரியதா என்று பார்த்து வாங்குங்கள்.

எரிபொருள் பம்ப், என்ஜின் கணினி, ஏ.பி.எஸ்., இக்னிஷன் காயில்: இந்த நான்கு வழிகளிலும் எதையும் பிடிக்காதீர்கள். அங்கே ஒரு ஷார்ட் ஆனால் ஓடுகிற வண்டி நடுச்சாலையில் நிற்கும், அல்லது பிரேக் உதவி போய்விடும்.

வயரைக் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்பும் வேண்டாம். அதன் தகடு வயரின் இழைகளை வெட்டிவிடும், வெட்டின வழியே ஈரம் இறங்கிப் பச்சை பூக்கும். விளக்கின் கனெக்டர் போலவே ஓர் ஆண், ஒரு பெண் முனை வாங்கி, நடுவில் கிளை விட்ட சின்ன வயர் செய்து இடையில் செருகுவதே சரி. கிளை தொடங்கும் இடத்திலேயே 2 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள்.

வண்டியின் சொந்த ஃபியூஸ் பெட்டியில், பழைய ஃபியூஸோடு இன்னொன்றையும் தாங்கி முதுகேற்றிச் செருகும் கிளை ஃபியூஸ் வைப்பதும் நடக்கும், ஆனால் திசை முக்கியம். அந்தத் துளையில் மின்சாரம் வரும் கால் ஒன்று, போகும் கால் ஒன்று. ஃபியூஸை எடுத்துவிட்டு, சாவி போட்டு, எந்தக் காலில் 12 வோல்ட் வருகிறது என்று பாருங்கள். கிளையின் இரண்டு ஃபியூஸுக்கும் பொதுவான கால் அந்தப் பக்கம் இறங்க வேண்டும். திருப்பிச் செருகினால் புதிய கருவியின் சுமையும் பழைய ஃபியூஸ் வழியாகவே ஓடும்.

5. ரிலே: நான்கு கால்கள்

எண்கள் ரிலேவின் அடியிலேயே அச்சிட்டிருக்கும்.

30: பேட்டரி பாசிட்டிவிலிருந்து முதன்மை ஃபியூஸ் வழியாக வரும் 2.5 வயர்.
87: இங்கிருந்து ஃபியூஸ் பெட்டிக்கு, அதே 2.5 வயர்.
86: முந்தைய படியில் பிடித்த சமிக்ஞை வயர்.
85: நெகட்டிவ்.

கடைக்காரர் ஐந்து கால் ரிலேயைக் கையில் திணித்தால் நடுவில் இருக்கும் 87ஏ என்ற காலைத் தொடாதீர்கள். ரிலே தூங்கும்போது மின்சாரம் வரும் கால் அது. அதில் மாட்டினால் சாவியை எடுத்ததும் எல்லாம் உயிர் பெறும், போட்டதும் அணையும்.

சுருளுக்குக் குறுக்கே டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் உறுப்பு) அல்லது ரெசிஸ்டர் உள்ள ரிலேவாகக் கேட்டு வாங்குங்கள். ரிலே அணையும் கணத்தில் சுருள் பல மடங்கு வோல்ட்டேஜை எதிர்த்திசையில் உதறும். சமிக்ஞை வயர் வழியே அது கணினிப் பக்கம் போகாமல் இருக்கத்தான் இது. டயோடு வகையில் 86 பாசிட்டிவ், 85 நெகட்டிவ் என்பதை மாற்றவே கூடாது. மாற்றினால் சமிக்ஞை ஃபியூஸ் உடனே போகும்.

ரிலேவைச் சீட்டுக்கு அடியில், கால்கள் தரையைப் பார்க்க மாட்டுங்கள். மேல்நோக்கி வைத்தால் அடிப்பாகம் தண்ணீர் தேங்கும் கிண்ணமாகிவிடும்.

ஜி.பி.எஸ். ஒன்றுதான், வேறெதுவும் எப்போதும் வரப்போவதில்லை என்றால் இந்த ரிலே அவசியமில்லை. 1 ஆம்பியரைத் தயாரிப்பாளர் விட்ட துணைக் கனெக்டரே தாங்கும். ஆனால் அந்த 'எப்போதும்' பெரும்பாலும் ஆறு மாதம்தான்.

6. ஃபியூஸும் வயரும்

ஃபியூஸ் கருவியைக் காப்பாற்ற அல்ல, வயர் தீப்பிடிக்காமல் இருக்க. இதைப் புரிந்துகொண்டால் மற்றது தானாக வரும். ஃபியூஸ் பேட்டரிப் பக்கம், முனையிலிருந்து 15 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். ஹேண்டில் அருகில் வைத்தால் அதற்கு முந்தைய ஒன்றரை மீட்டர் வயருக்குக் காவல் யாருமில்லை. சட்டகத்தில் உரசித் தோல் போன இடத்தில் அது நேராகப் பேட்டரியையே ஷார்ட் செய்யும்.

பைக் தூரத்துக்கு இந்த அளவுகள் தாராளமாகப் பாதுகாப்பானவை: 0.5 சதுர மி.மீ. வயருக்கு 3 ஆம்பியர் வரை ஃபியூஸ், 0.75-க்கு 5, 1-க்கு 7.5, 1.5-க்கு 15, 2.5-க்கு 20. கருவி இழுப்பதைவிடக் கால் பங்கு கூடுதலாக ஃபியூஸ், அந்த ஃபியூஸைத் தாங்கும் வயர் என்ற வரிசையில் தேர்ந்தெடுங்கள். நம் 10 ஆம்பியர் 12.5 ஆகிறது, கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 15. பிளேடு ஃபியூஸின் நிறமே அளவைச் சொல்லும்: ஊதா 3, இளம்பழுப்பு 5, பழுப்பு 7.5, சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20.

ஃபியூஸ் அடிக்கடி போனால் அடுத்த அளவைப் போட்டுச் சமாளிப்பது வண்டியைக் கொளுத்தும் வழி. எங்கோ உரசுகிறது, தேடுங்கள்.

வோல்ட்டேஜ் இறக்கத்தையும் ஒருமுறை கணக்கிடுங்கள். 0.0175-ஐ வயரின் மொத்த நீளத்தால், போக வர இரண்டும் சேர்த்து, பெருக்கிச் சதுர மி.மீ.ஆல் வகுத்தால் ஓம் கிடைக்கும். விளக்குக்கு 4 மீட்டர், 1 சதுர மி.மீ. என்றால் 0.07 ஓம், 3 ஆம்பியரில் 0.21 வோல்ட் குறையும். பரவாயில்லை. யு.எஸ்.பி. பக்கம்தான் ஆள் ஏமாறுவது. சார்ஜரைச் சீட்டுக்கு அடியில் பத்திரமாக வைத்துவிட்டு ஒன்றரை மீட்டர் யு.எஸ்.பி. வயரை ஹேண்டில் வரை இழுப்பார்கள். மலிவான யு.எஸ்.பி. வயரின் உள்கம்பி 0.08 சதுர மி.மீ.தான். 3 மீட்டருக்கு 0.65 ஓம். 2 ஆம்பியர் இழுத்தால் 1.3 வோல்ட் வழியிலேயே போய், 5 வோல்ட்டில் 3.7 தான் போனுக்கு வரும். 'சார்ஜ் ஏறுகிறது' என்று திரை காட்டும், சதவீதம் இறங்கிக்கொண்டே போகும். 12 வோல்ட்டை ஹேண்டில் வரை கொண்டுபோய், சார்ஜரை அங்கே வையுங்கள்.

7. வயரை ஓட்டும் பாதை

வேலையில் அதிக நேரம் தின்பது இதுதான். டேங்கையும் பக்கத் தகடுகளையும் கழற்றாமல் செய்யப் பார்த்தால் வயர் எங்கே நசுங்கியது என்றே தெரியாது.

வண்டியின் சொந்த வயர்க்கட்டு போகிற பாதையிலேயே உங்கள் வயரும் போகட்டும். சூடு, உரசல் எல்லாம் பார்த்துத்தான் தயாரிப்பாளர் அந்த வழியைத் தேர்ந்தெடுத்திருப்பார். சைலன்சர் குழாயிலிருந்து விலகி, டேங்க் உட்காரும் ரப்பர்களுக்கு அடியில் சிக்காமல், சீட் அழுத்தும் இடங்களைத் தவிர்த்து ஓட்டுங்கள். வயரை முன்னதாக வெட்டாதீர்கள். சுருளோடு இழுத்து, இரண்டு முனையிலும் ஒரு சாண் மிச்சம் விட்டுப் பிறகு வெட்டுங்கள்.

ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியில் பொறுமை வேண்டும். முடிந்தவரை கழுத்தின் நடு அச்சை ஒட்டி வயரை ஏற்றுங்கள். அங்கே அசைவு குறைவு. ஹேண்டிலை இடது ஓரம் வரை திருப்பித் தேவையான நீளத்தைப் பாருங்கள், பிறகு வலது ஓரம். எது அதிகமோ அதற்கு மேல் 5 செ.மீ. விடுங்கள். கழுத்துக்கு இருபுறமும் முதல் டையை இறுக்காமல் போடுங்கள், இடைப்பட்ட வயர் தளர்ந்து மடங்க வேண்டும். இறுக்கினால் தினம் நூறு முறை ஒரே புள்ளியில் வளைந்து, உறை முழுதாக இருக்க உள்ளே செம்பு முறியும். ஜி.பி.எஸ். ஹேண்டிலை ஒரு பக்கம் திருப்பினால் மட்டும் அணைகிறது என்ற புகாருக்கு முக்கால்வாசி காரணம் இதுவே.

கட்டி முடித்ததும் பார்க்க வேண்டியது ஆக்சிலேட்டர். முறுக்கி விட்டால் தானாகச் சட்டென்று திரும்ப வேண்டும், ஹேண்டில் நேராக இருக்கும்போதும் இரண்டு ஓரங்களிலும். பிறகு நியூட்ரலில் என்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை ஓரம் ஓரமாகத் திருப்புங்கள். சுழற்சி ஏறினால் ஏதோ ஒன்று கேபிளை இழுக்கிறது. அதைச் சரி செய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

8. இணைப்புகள்: ஈயமா, கிரிம்ப்பா?

கிரிம்ப். ஈயம் வைத்தால் அது வயரின் இழைகளுக்குள் சற்றுத் தூரம் ஏறி அந்தப் பகுதியைக் கம்பி போல விறைக்கச் செய்யும். விறைப்பு முடிந்து மென்மை தொடங்கும் கோட்டில் அதிர்வு வேலை செய்து அங்கேயே ஒடியும்.

சுருங்கும் குழாயை முதலில் வயரில் கோத்துவிடுங்கள் (கிரிம்ப் செய்து முடித்தபின் குழாய் மேசையில் கிடப்பதைப் பார்க்காதவர் இல்லை). உறையை 5, 6 மி.மீ. உரியுங்கள், ஓர் இழைகூட வெட்டுப்படக் கூடாது. காப்பிட்ட லக்கில் சிவப்பு 0.5 முதல் 1.5 சதுர மி.மீ. வரை, நீலம் 1.5 முதல் 2.5 வரை, மஞ்சள் 4 முதல் 6 வரை. நீல லக்கில் 0.75 வயரை இரட்டையாக மடித்துத் திணிக்காதீர்கள். அழுத்தியதும் பலமாக இழுத்துப் பாருங்கள். வந்தால் இப்போதே வந்ததற்குச் சந்தோஷப்படுங்கள்.

ஒரே கட்டில் இரண்டு இணைப்புகள் இருந்தால் ஒன்றுக்கொன்று 3 செ.மீ. தள்ளி அமையுங்கள். சிலிக்கான் கிரீஸ் மின்சாரம் கடத்தாது. கனெக்டரின் ரப்பர் வளையத்தில் பூசினால் ஈரம் தடுக்கும். உலோக முனையில் அப்பிவிட்டுச் செருகுவதால் லாபமில்லை.

இரண்டு முனை எஸ்.ஏ.ஈ. கனெக்டர் போடுவதானால் பேட்டரிப் பக்கத்து பாசிட்டிவ், ரப்பருக்குள் மூடிய துளையில் இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் பாசிட்டிவ் வந்தால் சட்டகத்தில் பட்டதும் பொறி பறக்கும்.

நெகட்டிவை அந்தந்த இடத்தில் சட்டக போல்ட்டில் மாட்டுவது சுலபம்தான், ஆனால் அங்கே பெயின்ட், துரு, ஈரம் எல்லாம் நடுவில் நிற்கும். எல்லா நெகட்டிவ் வயரையும் பெட்டியின் பட்டைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஒரே 2.5 வயரைப் பேட்டரி நெகட்டிவுக்கு விடுங்கள். ஹெல்மெட்டுக்குள் பாட்டோ பேச்சோ கேட்பவர்களின் காதில் விழும் இரைச்சல் தொல்லையும் இதில் பெரும்பாலும் அடங்கும்.

9. ஒவ்வொரு கருவியாக

*ஜி.பி.எஸ்.* தொட்டிலோடு வரும் வயரில் 12 வோல்ட்டை 5 ஆக்கும் மாற்றி எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பைக்குக்கென்று செய்த தொட்டிலுக்குள் அல்லது வயரிலுள்ள சின்னப் பெட்டிக்குள் இருக்கும். நீளம் அதிகமென்று அந்தப் பெட்டியைத் தாண்டி வெட்டி நேராக 12 வோல்ட் கொடுத்தால் கருவி ஒரே நொடியில் போகும். வயரில் வரும் சின்ன ஃபியூஸையும் விட்டுவையுங்கள். ஒலிக்கு, மைக்குக்கு என்று உபயோகமில்லாத முனைகள் தொங்கினால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குழாயிட்டு மூடுங்கள், சேர்த்து அல்ல.

தாங்கிக்கு 1 அங்குலப் பந்து வகை போதும். தொட்டிலின் பின்புறம் 30-க்கு 38 மி.மீ. இடைவெளியில் நான்கு துளை இருந்தால் பெரும்பாலான தாங்கிகள் பொருந்தும். உலோகத் திருகுக்கு, அது தளராமல் பிடிக்கும் நீல நிறப் புரிப்பசை ஒரு துளி விடுங்கள். பிளாஸ்டிக்கில் படக் கூடாது, விரிசல் விடும்.

*போன்.* பெரிய என்ஜின் அதிர்வு ஐபோன் கேமராவின் உள்பாகங்களைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிளே 2021-இல் எச்சரித்தது. அதிர்வு உறிஞ்சும் தாங்கி போடுங்கள். மழையில் சார்ஜ் துளைக்குள் ஈரம் போனால் முனைகள் அரிக்கும், நல்ல போன் சார்ஜ் ஏற்றவே மறுக்கும். வெயிலில் திரை எரிந்துகொண்டு சார்ஜும் ஏறினால் சூடாகி நின்றுவிடும். மழையும் வெயிலும் பார்த்து ஓட்டுகிறவர்களுக்குத் தனி ஜி.பி.எஸ். இன்னும் பயன்படுவது இதனால்தான்.

*யு.எஸ்.பி. துளை.* மூடியுள்ளதாக வாங்கி, வாய் கீழ்நோக்கி இருக்குமாறு மாட்டுங்கள். பின்புறம் வரும் வயர் சற்றுத் தொங்கி மேலேறட்டும், தண்ணீர் தொங்கலில் சொட்டிவிடும். வயர் வழியாகக் காதில் கேட்கும் ரேடியோ இரைச்சலோ, ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் பிடிக்காமல் திணறுவதோ தொடங்கினால், மலிவான சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். குற்றவாளி அநேகமாக அதுதான்.

*சூடேறும் கைப்பிடி.* ஆக்சிலேட்டர் பக்க வயர் கைப்பிடியோடு சேர்ந்து சுழலும். முழுதாக முறுக்கும்போது இழுபடாமலும் விடும்போது பிரேக் நெம்புகோலில் சிக்காமலும் வளையம் விடுங்கள்.

*விளக்கு.* பெட்டியிலிருந்து தனி வழி, ஹேண்டிலில் நீர் புகாத சுவிட்ச். ஃபோர்க்கின் கீழ்ப்பாகத்தில் மாட்டாதீர்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் வயர் ஏறி இறங்கும்.

10. பேட்டரியில் மாட்டுவதும் சோதனையும்

கழற்றும்போது முதலில் நெகட்டிவ். மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். பாசிட்டிவைத் திருகும் ஸ்பேனர் தவறிச் சட்டகத்தில் பட்டாலும் அப்போது ஒன்றும் ஆகாது.

எல்லா ஃபியூஸையும் எடுத்துவிட்டு, பெட்டியின் ஒவ்வொரு வெளிவழிக்கும் நெகட்டிவுக்கும் இடையே மீட்டரை வையுங்கள். பூஜ்ய ஓம் காட்டினால் அந்த வழியில் ஷார்ட். பிறகு முதன்மை ஃபியூஸ், சாவி, டிக் என்று ரிலே சத்தம். கருவி ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகச் செருகி ஒவ்வொன்றையும் இயக்கிப் பாருங்கள்.

என்ஜினை ஓட்டி, எல்லாவற்றையும் எரியவிட்டு, பயண வேகச் சுழற்சியில் பேட்டரி முனையை அளவிடுங்கள். 13.8 முதல் 14.5 வரை நல்லது. 13-க்குக் கீழ் இறங்கினால் சுமை அதிகம், ஏதாவது ஒன்றை அணைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

கடைசியாக, சாவி எடுத்தபின் திருட்டுத்தனமாகக் குடிப்பது எவ்வளவு? நெகட்டிவ் வயரைக் கழற்றி, முனைக்கும் வயருக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வையுங்கள். இந்த நிலையில் சாவி போடவோ ஸ்டார்ட்டரைத் தொடவோ கூடாது, மீட்டர் ஃபியூஸ் போய்விடும். கேன் பஸ் வண்டி தூங்கப்போகச் சில நிமிடம் எடுக்கும், காத்திருங்கள். எண் இறங்கி நின்றதும் மில்லி ஆம்பியர் அளவுக்கு மாற்றிப் படியுங்கள். 5 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் நிம்மதி. நீல எண் ஒளிரும் அழகான வோல்ட் மீட்டரை நேராகப் பேட்டரியில் மாட்டினால் 20 மில்லி ஆம்பியர் எப்போதும் போகும். ஒரு நாளைக்கு 0.48 ஆம்பியர் மணி. 10 ஆம்பியர் மணி பேட்டரி பத்து நாளில் பாதி காலி.

11. நேரம்

முதல்முறை செய்பவருக்குத் தாள்களும் கணக்கும் ஒரு மாலை, வேலை ஒரு முழு நாள். அதில் வயர் ஓட்டுவதும் டேங்க், தகடுகளைக் கழற்றி மாட்டுவதும் பாதிக்கு மேல் விழுங்கும். பயணத்துக்கு முந்தைய இரவில் தொடங்காதீர்கள். குறைந்தது இரண்டு வாரம் முன்னதாக முடித்து, 300 கி.மீ. ஓட்டியபின் சீட்டைத் திறந்து பாருங்கள்: பேட்டரி போல்ட், டைகள், ரிலே அடிப்பாகம். ஃபியூஸ் பிடிப்பான் கை சுடும் அளவுக்கு இருந்தால் உள்ளே லக் சரியாகப் பிடிக்கவில்லை.

வயர்ப் படத்தை ஒரு தாளில் வரைந்து, எந்த ஃபியூஸ் எதற்கு என்று எழுதி, பிளாஸ்டிக் உறையில் சீட்டுக்கு அடியில் வையுங்கள். கூடவே ஒவ்வோர் அளவிலும் இரண்டு ஃபியூஸ், இரு முனையிலும் ரிலே கால் போன்ற தட்டை லக் வைத்த ஒரு சாண் 2.5 வயர். வழியில் ரிலே செத்தால் அதைப் பிடுங்கிவிட்டு அடிப்பாகத்தின் 30, 87 துளைகளை அந்த வயரால் இணைத்தால் எல்லாம் ஓடும். முதன்மை ஃபியூஸின் காவலும் இருக்கும். வண்டியை நிறுத்தும்போதெல்லாம் அந்த வயரை உருவி எடுக்க வேண்டும்.